புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குமுன் இரண்டாவது அபிப்பிராயம் பெறுவது எப்படி? கொழும்பில் இருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் இரண்டாவது அபிப்பிராயம் என்றால் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது ஒன்றுதான்: பெயர்பெற்ற இன்னொரு நிபுணரைச் சனல் பண்ணி, முதல் வைத்தியர் தந்த அறிக்கைகளை அவருடைய மேசையில் வைத்து, "இந்தச் சிகிச்சை சரிதானா, டொக்டர்?" என்று கேட்பார்கள். அவரும் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்து, "சரி, அதையே செய்யுங்கள்" என்பார். மனம் ஆறி வீடு திரும்புவார்கள். அந்த ஆறுதலின் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே சரிபார்க்கப்பட்டது சிகிச்சைத் திட்டம் மட்டுமே. அந்தத் திட்டத்துக்கு அடிப்படையாக இருக்கும் நோய்நிர்ணயத்தை எவரும் மீண்டும் பார்க்கவில்லை. முதல் அறிக்கையில் ஒரு பிழை இருந்திருந்தால் அது இரண்டாவது வைத்தியரின் கையெழுத்தையும் பெற்றுக்கொண்டு வெளியே வந்துவிடும்.

முழுமையான இரண்டாவது அபிப்பிராயம் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும். இது உண்மையில் புற்றுநோய்தானா, ஆமெனில் எந்த வகை? அது உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? இந்த வகைக்கும் இந்தப் பரவலுக்கும் இந்த நோயாளியின் உடல்நிலைக்கும் பொருத்தமான சிகிச்சை எது? முதலாவதற்கு விடை பயாப்ஸியில், அதாவது கட்டியிலிருந்து பரிசோதனைக்காக எடுத்த இழையத் துண்டில் இருக்கிறது, இரண்டாவதற்கு ஸ்கேன் படங்களில் இருக்கிறது, மூன்றாவதற்கு மட்டுமே வைத்தியரின் அறையில் விடை கிடைக்கும். ஆகவே வேலையை இழையத் துண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது.

எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்

முதலாவது படியை முதல் வைத்தியரிடமே செய்ய வேண்டும். "சிகிச்சையை எந்தத் திகதிக்குள் தொடங்க வேண்டும், டொக்டர்? இரண்டு கிழமை பொறுத்தால் பாதிப்பு உண்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மார்பகம், பெருங்குடல், தைரொயிட், புரோஸ்டேட் போன்ற உறுப்புகளில் தோன்றும் பெரும்பாலான கட்டிகள் பல மாதங்களாக, சிலவேளை ஆண்டுக்கணக்காக வளர்ந்தவை. அவற்றில் ஒன்றிரண்டு கிழமை எடுத்துச் சரியாக முடிவெடுப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. அதேவேளை, காலம் எல்லையற்றதும் அல்ல. ஏழு வகைப் புற்றுநோய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையான பி.எம்.ஜே. வெளியிட்ட பகுப்பாய்வு, சத்திரசிகிச்சை 4 வாரம் தாமதிக்கும் ஒவ்வொரு தடவையும் மரண அபாயம் ஏறத்தாழ 6 முதல் 8 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. ஆகவே இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இரண்டு, கூடினால் மூன்று கிழமை என்று தொடக்கத்திலேயே ஓர் எல்லையை வகுத்து, அந்தத் திகதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். சிகிச்சைக்கென முதல் வைத்தியசாலையில் திகதி தரப்பட்டிருந்தால் அதை இரத்துச் செய்யாதீர்கள். அந்தத் திகதி வருமுன் விடை கிடைக்குமாறு வேலையை ஒழுங்கு செய்யுங்கள்.

சில நிலைமைகளில் காத்திருக்கவே கூடாது. திடீரெனத் தோன்றும் தீவிர லியூக்கீமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய், குறிப்பாக இரத்தக்கசிவோடு வருவது, நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய நோய். வேகமாக வளரும் சில லிம்போமாக்களும், அதாவது நிணநீர்த் தொகுதியில் தோன்றும் புற்றுநோய்களும், அப்படியே. கட்டி முண்ணாணை அழுத்துவதால் கால்கள் பலமிழப்பது, சிறுநீர் கழிக்க முடியாமற் போவது, முகமும் கழுத்தும் வீங்கி மூச்சுத் திணறுவது, குடல் அடைபடுவது, நிற்காத இரத்தப்போக்கு ஆகிய எதுவும் இருந்தால் முதல் வைத்தியசாலையிலேயே சிகிச்சையைத் தொடங்குங்கள். அவசரச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்லைட்டுகளை, அதாவது இழையத் துண்டின் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை, வேறிடத்துக்கு அனுப்பிப் பார்க்கத் தடையேதும் இல்லை.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பயாப்ஸி அறிக்கையின் முழுப் பிரதி, வாட்டிலிருந்து வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை முடிவுகள், சத்திரசிகிச்சை ஏற்கனவே நடந்திருந்தால் அதன் குறிப்பு, ஸ்கேன் அறிக்கைகள், தற்போது எடுக்கும் மருந்துகளின் பட்டியல் என்பன தேவை. கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்டும் ஒரே ஒரு மூலப் பிரதியாகவே இருக்கும் என்பதால், எவரிடமும் கொடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, திகதி வரிசையில் அடுக்கிப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "சாதாரணமாக இருக்கிறது" என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பரிசோதனைக்கும் எழுத்து அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த அறிக்கைகளை வாசிக்கும்போது பலர் அநாவசியமாகப் பயந்துபோகும் ஓர் இடம் உண்டு. "கிரேட் 3" என்பதும் "ஸ்டேஜ் 3" என்பதும் ஒன்றல்ல. கிரேட் என்பது நுணுக்குக்காட்டியின் கீழ் கலங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. ஸ்டேஜ் என்பது நோய் உடலில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் குறிக்கிறது. மிகச் சிறிய, எங்குமே பரவாத ஒரு கட்டியும் கிரேட் 3 ஆக இருக்கலாம்.

ஸ்லைட்டும் பிளொக்கும்

பயாப்ஸியில் எடுத்த இழையம் பரபின் மெழுகில் பதிக்கப்பட்டு ஒரு சிறு பிளொக் ஆகிறது. அதிலிருந்து மிக மெல்லிய சீவல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமூட்டினால் அது ஸ்லைட். நோயியல் நிபுணர், அதாவது பெத்தோலஜிஸ்ட், அந்த ஸ்லைட்டைப் பார்த்துத்தான் அறிக்கை எழுதுகிறார். நோயாளி ஒருபோதும் நேரில் காணாத இந்த வைத்தியரின் முடிவில்தான் அதன்பின் நடக்கும் அனைத்தும் தங்கியிருக்கின்றன.

அந்த முடிவுகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2015 இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 115 நோயியல் நிபுணர்கள் மார்பகப் பயாப்ஸி ஸ்லைட்டுகளைப் படித்தார்கள். அவர்களுடைய முடிவுகள் சிறப்பு நிபுணர் குழுவின் முடிவோடு ஒப்பிடப்பட்டன. சுற்றியுள்ள இழையத்துக்குள் ஊடுருவிய புற்றுநோயில் 96 சதவீதம் ஒத்துப்போயின. பாற்குழாய்க்குள் மட்டும் நிற்கும் ஆரம்பநிலைப் புற்றில் அது 84 சதவீதமாகக் குறைந்தது. இன்னும் புற்றாகாத, ஆனால் இயல்புக்கு மாறான கலங்கள் இருந்த ஸ்லைட்டுகளில் 48 சதவீதம் மட்டுமே ஒத்துப்போயின. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. தெளிவான புற்றுநோயைப் "புற்றுநோய் இல்லை" என்று மறு வாசிப்பு மாற்றிவிடும் என்று நம்பிக் காலம் கடத்தக் கூடாது. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் நோய்களில், மார்பகம் முழுவதையும் அகற்றுவதா, சிறு பகுதியை எடுத்துவிட்டுக் கவனித்திருப்பதா என்பதே மறு வாசிப்பில் தீர்மானமாகலாம்.

தைரொயிட்டிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. உறைக்குள் முழுமையாக அடங்கி, எங்கும் ஊடுருவாத ஒருவகைத் தைரொயிட் கட்டி முன்னர் புற்றுநோயாகவே கணிக்கப்பட்டு வந்தது; 2016 இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று அதைப் புற்றுநோய் வகையிலிருந்து நீக்கியது. அத்தகைய கட்டியை இனங்காணும் நிபுணர் பார்த்தால், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய கதிரியக்க அயடீன் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். இலங்கைப் பெண்களிடையே தைரொயிட் புற்றுநோய் அதிகமாகக் கண்டறியப்படுவதால் இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. லிம்போமா, தசை எலும்பு முதலியவற்றில் தோன்றும் சார்கோமா, மூளைக் கட்டிகள், எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாத புற்றுநோய் ஆகியவற்றிலும், அறிக்கையில் "சந்தேகத்துக்குரியது", "நிராகரிக்க முடியாது" என்ற பொருள்படும் சொற்கள் இருக்கும் எந்தச் சந்தர்ப்பத்திலும், மேலே சொன்ன அவசர நிலைமை இல்லாவிட்டால், ஸ்லைட்டை மீண்டும் படிப்பித்த பின்பே கீமோவுக்குச் சம்மதிக்க வேண்டும் என்பது என்னுடைய உறுதியான கருத்து.

பிளொக்கைப் பெறுவதற்கு, பயாப்ஸியை ஆய்வு செய்த ஆய்வுகூடத்துக்கு நோயாளியின் கையெழுத்துடன் கடிதம் கொடுக்க வேண்டும்; வைத்தியர் ஒரு கோரிக்கைக் கடிதம் தந்தால் வேலை விரைவாக முடியும். ஸ்லைட்டுகளை மட்டும் கேட்காமல் பிளொக்கையும் கேளுங்கள், ஏனெனில் புதிய சாயப் பரிசோதனைகள் செய்வதற்குப் பிளொக்கே தேவை. அறிக்கையில் பல பிளொக்குகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லாமல், கட்டி தெளிவாக இருக்கும் ஒன்றிரண்டைத் தெரிவு செய்து தருமாறு நோயியல் நிபுணரிடம் கேட்பதே பாதுகாப்பு. ஊசி மூலம் எடுத்த பயாப்ஸியில் இழையம் மிகக் குறைவு. ஒவ்வொரு சீவலும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், அதனால் தேவையற்ற பரிசோதனைகளுக்கு அதைச் செலவழிக்க விடாதீர்கள். பெற்றுக்கொள்ளும்போது பிளொக்கில் உள்ள இலக்கமும் அறிக்கையில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள். மெழுகு என்பதால் கொழும்பு வெயிலில் நிறுத்தியிருக்கும் வாகனத்துக்குள் பிளொக்கை வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஸ்லைட்டுகளை அவற்றுக்கென உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோயாயின், ஹோர்மோன் ஏற்பிகளைப் பார்க்கும் ஈ.ஆர்., பீ.ஆர்., கலங்களின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பார்க்கும் ஹேர்-2 என்ற மூன்று பரிசோதனைகளும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹேர்-2 முடிவு 0 அல்லது 1+ எனில் எதிர்மறை, 3+ எனில் நேர்மறை. 2+ என்றிருந்தால் அது முடிவே அல்ல, ஃபிஷ் என்னும் மேலதிகப் பரிசோதனை செய்த பின்பே தீர்மானிக்க முடியும். ஹேர்-2 நேர்மறையான பெண்ணுக்குத் டிராஸ்டுசுமாப் மருந்து வழக்கமாக ஓராண்டு தரப்படுகிறது, ஈ.ஆர். நேர்மறையானவர் குறைந்தது 5 ஆண்டுகள் ஹோர்மோன் மாத்திரை எடுப்பார். "2+" என்ற இடத்திலேயே அறிக்கையை மூடிவைத்தால், ஒரு பெண் தனக்குப் பயன்தரக்கூடிய மருந்தை இழக்கலாம் அல்லது தேவையற்ற ஒன்றை ஓராண்டு முழுவதும் ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்கேன் படங்களைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது சிறிதுதான். அச்சிட்ட பிலிம் போதாது, சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் படங்கள் முழுவதையும் இறுவட்டில் கேட்டுப் பெறுங்கள். அப்போதுதான் இரண்டாவது கதிரியக்க நிபுணர் ஒவ்வொரு வெட்டுப் படத்தையும் தன் கணினியில் பார்க்க முடியும். படம் தெளிவாக இருக்கும்போது அதே ஸ்கேனை மீண்டும் எடுக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது

அபிப்பிராயம் சுயாதீனமாக இருக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் காலையில் பணியாற்றும் நிபுணர்களே மாலையில் தனியார் வைத்தியசாலைகளில் சனல் பார்க்கிறார்கள் என்பதால், கொழும்பில் ஒரு சிக்கல் உண்டு. வாட்டில் பார்த்த அதே வைத்தியரை வேறொரு கட்டடத்தில் காசு கொடுத்துப் பார்ப்பது இரண்டாவது அபிப்பிராயம் ஆகாது. அவருடைய பிரிவிலேயே அவருக்குக் கீழே வேலை செய்தவரிடம் போவதும் அப்படித்தான். வேறு வைத்தியசாலையில், வேறு பிரிவில் இருப்பவரைத் தேடுங்கள்.

துறையும் வேறாக இருப்பது பல நேரங்களில் இன்னும் பயன் தரும். சத்திரசிகிச்சை நிபுணர் "முதலில் வெட்டி எடுப்போம்" என்று சொல்லியிருந்தால், இன்னொரு சத்திரசிகிச்சை நிபுணரைவிடப் புற்றுநோய்ச் சிகிச்சை நிபுணரான ஒன்கோலஜிஸ்டிடம் கேட்பதே பொருத்தம். நேர்குடல் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள்: கட்டி குடற்சுவரைத் தாண்டியிருந்தால் அல்லது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுப்பது வழக்கமான முறை. இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுக்காமலேயே சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்திருந்தால், அது அவசியம் இரண்டாவது முறை கேட்க வேண்டிய இடம். லியூக்கீமியா, லிம்போமா, எலும்பு மச்சையில் தோன்றும் மைலோமா ஆகியவற்றுக்குக் குருதியியல் நிபுணரைக் கேளுங்கள். வாய்ப் புற்றுநோய்க்கு வாய் முகத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒன்கோலஜிஸ்டும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது, பல துறை நிபுணர்கள் ஒரே மேசையில் கூடி ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டம். "என்னுடைய கேஸ் எம்.டி.டி. கூட்டத்தில் பேசப்பட்டதா? இல்லையென்றால் பேச முடியுமா?" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். சத்திரசிகிச்சை நிபுணர், ஒன்கோலஜிஸ்ட், நோயியல் நிபுணர், கதிரியக்க நிபுணர் ஆகிய நால்வர் கூடி எடுத்த முடிவு, தனித்தனியாக நான்கு சனலுக்குக் காசு கட்டிப் பெறும் நான்கு கருத்துகளைவிட மேலானது.

நாட்டின் முதன்மையான புற்றுநோய் வைத்தியசாலை மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலை; புறக்கோட்டையிலிருந்து 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஹைலெவல் வீதி வழியாகப் போகலாம். அங்கு சிகிச்சை இலவசம். தனியார் வைத்தியசாலையில் நோய் கண்டறியப்பட்டவர் அபிப்பிராயத்துக்கு அங்கே போகலாம். அரச கிளினிக்கில் இருப்பவர் தனியாரிடம் கருத்துக் கேட்டுவிட்டு அரச சிகிச்சைக்கே திரும்பலாம். கருத்துக் கேட்டதற்காக இலவசச் சிகிச்சை பெறும் உரிமை இல்லாமற் போவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளில் தங்கிச் சிகிச்சை தேடுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இதே சிகிச்சையைத் தெல்லிப்பளையிலோ மட்டக்களப்பிலோ கண்டியிலோ பதுளையிலோ பெற முடியுமா? நோயை நிர்ணயித்துத் திட்டம் வகுப்பதைக் கொழும்பில் செய்துவிட்டு, மாதக்கணக்காக நீளும் கீமோவை வீட்டுக்கு அருகே பெறுவது பல குடும்பங்களுக்குத் தாங்கக்கூடிய வழி.

ஒருவர் பதிவுபெற்ற நிபுணரா என்பதை இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் பார்க்கலாம். யாருக்கோ குணமானது என்ற செவிவழிச் செய்தியை மட்டும் வைத்து வைத்தியரைத் தெரிவு செய்யாதீர்கள். அவருடைய நோயும் உங்களுடைய நோயும் பெயரில் மட்டுமே ஒன்றாக இருக்கலாம்.

முதல் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்

"கோபித்துக்கொள்வார், பிறகு கவனிக்க மாட்டார்" என்ற அச்சத்தில் பலர் முதல் வைத்தியருக்குத் தெரியாமல் போகிறார்கள். அதனால் பிளொக் கிடைக்காது, கடிதம் கிடைக்காது, இரண்டு வைத்தியர்களும் ஒருவரோடொருவர் பேசவும் முடியாது. செகண்ட் ஒப்பீனியன் கேட்பது எல்லா நிபுணர்களும் அறிந்த வழக்கம். அவர்களுடைய வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் அவர்களும் அதையே செய்வார்கள். மரியாதையோடு இப்படிச் சொன்னால் போதும்: "டொக்டர், உங்கள்மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றபடியால் தொடங்குமுன் ஸ்லைட்டை இன்னொரு இடத்திலும் ஒருமுறை படிப்பித்துப் பார்க்க விரும்புகிறோம். ஒரு கடிதம் தர முடியுமா? நீங்கள் சொன்ன திகதிக்குள் திரும்பி வந்துவிடுவோம்." கடைசி வசனம் முக்கியம். வைத்தியர்களின் உண்மையான கவலை, போகும் நோயாளி ஆறு மாதம் கழித்து நோய் முற்றிய நிலையில் வந்துவிடுவாரோ என்பதுதான்.

இப்படிக் கேட்ட பிறகும் ஒருவர் கடிந்து பேசி அறிக்கைப் பிரதியைத் தர மறுத்தால், வாட்டுப் பொறுப்புத் தாதியிடமோ வைத்தியசாலைப் பணிப்பாளர் அலுவலகத்திலோ எழுத்தில் கேளுங்கள்.

சந்திப்புக்குத் தயாராதல்

மாலை நேரச் சனலில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதனால் முன்கூட்டியே ஒரு பக்கத்துக்கு மேற்படாத சுருக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்: வயது, ஏனைய நோய்கள், எப்போது என்ன அறிகுறி தோன்றியது, எந்தத் திகதியில் எந்தப் பரிசோதனை நடந்து என்ன முடிவு வந்தது, முதல் வைத்தியர் பரிந்துரைத்தது என்ன. முடியுமானால், இது இரண்டாவது அபிப்பிராயம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லி, நேரம் கூடுதலாகக் கிடைக்குமா அல்லது ஆவணங்களை முதல் நாளே ஒப்படைக்கலாமா என்று கேளுங்கள்.

மொழி விடயத்தில் கவனம் வேண்டும். வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விளக்கும்போது பாதி விளங்கி, வெட்கத்தால் தலையாட்டிவிட்டு வருவது நம்மவரிடையே சாதாரணமாக நடக்கிறது. அந்த மொழியை நன்கு அறிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அவர் சொல்லப்பட்டதைச் சுருக்காமல், மெருகூட்டாமல் அப்படியே சொல்பவராக இருக்க வேண்டும். வைத்தியர் அனுமதித்தால் உரையாடலைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம்.

இதைவிடக் கடினமான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், டொக்டர், தாங்க மாட்டா" என்று பிள்ளைகள் கதவடியில் நின்று கேட்பது அன்பினால்தான். ஆனால் நோயாளி அறையில் இல்லாமல் பெறப்படும் இரண்டாவது அபிப்பிராயம் அவருடைய உடலைப் பார்க்காத அபிப்பிராயம். அவருடைய விருப்பத்தைக் கேட்காத அபிப்பிராயமும்கூட. மார்பகத்தைக் காப்பதா அகற்றுவதா, சில மாத ஆயுளுக்காகக் கடுமையான கீமோவை ஏற்பதா விடுவதா என்பவற்றில் வைத்தியர் தனித்து விடை சொல்ல முடியாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அம்மாவிடமே மெதுவாகக் கேளுங்கள். பலர் ஏற்கனவே ஊகித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று அவர்கள்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் நோய்க்கு நோய் மாறும். எல்லாருக்கும் பொதுவானவை இவை: இந்தச் சிகிச்சையின் நோக்கம் நோயை முற்றாகக் குணமாக்குவதா, கட்டுப்படுத்துவதா, வலியைக் குறைப்பதா? இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? வேறு வழி உண்டா, ஏன் அதை விட்டு இதைத் தெரிவு செய்கிறீர்கள்? சிகிச்சை வரிசையை மாற்றினால் பயன் உண்டா? பரிந்துரைக்கும் மருந்து அரச வைத்தியசாலையில் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அதன் மேலதிகப் பயன் எவ்வளவு? கடைசிக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேளுங்கள். காணியை விற்று வாங்கும் மருந்து குணமாக்குவதற்கா, சில கிழமை நீட்டுவதற்கா என்பதை அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் முழு மார்பகத்தையும் அகற்றும்படி சொல்லப்பட்டிருந்தால், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுக் கொடுக்க முடியாதா என்று கேளுங்கள். இரண்டு முறைகளிலும் ஆயுட்காலம் சமமாக இருப்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த இரு ஆய்வுகள் 20 ஆண்டுத் தொடர் கண்காணிப்புடன் 2002 இல் உறுதிசெய்தன. கட்டி பல இடங்களில் இருப்பது, கதிர்வீச்சுக் கொடுக்க முடியாத நிலை போன்ற காரணங்கள் இருக்கலாம்; ஆனால் காரணம் சொல்லப்பட வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் நம் நாட்டு ஆண்களிடையே முதன்மையாக இருக்கும் வாய்ப் புற்றுநோயில், கட்டி எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். கழுத்தில் கணுக்கள் தட்டுப்படாத ஆரம்பநிலை நோயாளிகளிடம் மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலை நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துக் கணுக்களை முதற் சத்திரசிகிச்சையிலேயே அகற்றியவர்களில் 3 ஆண்டு முடிவில் 80 சதவீதத்தினர் உயிரோடு இருந்தனர்; கணு வீங்கிய பின் அகற்றுவோம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம். ஆகவே "நாக்கில் உள்ள புண்ணை மட்டும் எடுத்தால் போதும்" என்று சொல்லப்பட்டால், கழுத்தைப் பற்றிக் கேட்காமல் வரக் கூடாது. குரல்வளைப் புற்றில், குரலைக் காக்கும் கதிர்வீச்சும் கீமோவும் பொருந்துமா என்று கேளுங்கள். புரோஸ்டேட்டில், கட்டியின் கிரேட்டைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+3 என்றிருந்தால், உடனடிச் சிகிச்சையின்றி ஒழுங்காகக் கண்காணித்து வருவதும் அங்கீகரிக்கப்பட்ட வழி.

வெளியேறுமுன் அபிப்பிராயத்தை எழுத்தில், முதல் வைத்தியருக்கு முகவரியிட்ட கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக வீட்டுக்கு வரும் அபிப்பிராயம் ஒவ்வொரு உறவினரிடமும் ஒவ்வொரு விதமாக மாறிவிடும்.

இந்தியாவுக்குப் போக வேண்டுமா?

சென்னை அடையாறில் 1954 இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிறுவனம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலை ஆகியவை நம்மவர் பலர் நாடும் இடங்கள். தமிழில் பேச முடிவது சென்னையிலும் வேலூரிலும் பெரிய ஆறுதல். ஆனால் பொதுவாக நடக்கும் மார்பக, பெருங்குடல், வாய்ப் புற்றுநோய்களுக்குத் திட்டம் இங்கும் அங்கும் பெரும்பாலும் ஒரே சர்வதேச வழிகாட்டல்களைத் தழுவியது; அதற்காக நோயாளியை விமானத்தில் ஏற்றி, விடுதியில் தங்கவைத்து, கையிலிருந்ததை அபிப்பிராயத்துக்கே செலவழித்துவிட்டுச் சிகிச்சைக்குக் கடன்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரிய வகைக் கட்டி, இங்கு செய்யப்படாத பரிசோதனை அல்லது சிகிச்சை, இரு உள்ளூர் நிபுணர்கள் முரண்படும் நிலை என்பவற்றில் அது பொருளுடையது. அப்போதும் முதலில் பிளொக்கையும் இறுவட்டையும் ஓர் உறவினர் மூலம் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். டாட்டா நினைவு மையத்தோடு இணைந்த நவ்யா என்னும் இணையச் சேவை அறிக்கைகளைப் பார்த்து எழுத்தில் கருத்துத் தருகிறது. ஆயினும் அது அறிக்கையை வைத்துத் தரப்படும் கருத்து என்பதால், ஸ்லைட் மறு வாசிப்புக்கு ஈடாகாது. நேரில் போவதாயின் சுற்றுலா விசாவில் போகாமல், நோயாளிக்கு மருத்துவ விசாவும் கூடச் செல்பவருக்கு உதவியாளர் விசாவும் பெறுங்கள்.

இரு கருத்துகளும் முரண்பட்டால்

முதலில் முரண்பாடு எங்கே என்று பாருங்கள். மருந்தின் பெயரிலோ ஊசிகளின் எண்ணிக்கையிலோ சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. ஒரே நோய்க்குச் சமமான பயனுள்ள இரண்டு முறைகள் இருக்கலாம். அங்கே, உங்களைத் தொடர்ந்து பார்க்கப்போகும் வைத்தியரின் வழியைப் பின்பற்றுவதே நல்லது. ஆனால் நோயின் வகையிலோ ஸ்டேஜிலோ, சத்திரசிகிச்சை தேவையா இல்லையா என்பதிலோ வேறுபாடு இருந்தால், இரண்டாவது கடிதத்தை முதல் வைத்தியரிடம் காட்டி, "இந்த இடத்தில் அவர் வேறுவிதமாகச் சொல்கிறார், ஏன்?" என்று கேளுங்கள். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளச் சம்மதித்தால் பல முரண்பாடுகள் அன்றே தீரும். நோயியல் முடிவில் முரண்பாடு எனில் மூன்றாவது நோயியல் நிபுணரே தீர்க்க வேண்டும். அதை ஒன்கோலஜிஸ்டோ குடும்பமோ வாக்கெடுத்துத் தீர்க்க முடியாது.

மூன்றாவது அபிப்பிராயம் இப்படியான ஒரு குறிப்பான கேள்விக்கு மட்டுமே. தாம் விரும்பும் பதில் வரும்வரை நான்காவது, ஐந்தாவது வைத்தியரைத் தேடிச் செல்வது, நாட்காட்டியில் குறித்த திகதியைக் கடத்திவிடும்.

நாட்டு வைத்தியரிடம் கேட்பதை இரண்டாவது அபிப்பிராயமாகக் கொள்ள முடியாது. பரவாத நிலையிலிருந்த மார்பக, பெருங்குடல், நுரையீரல், புரோஸ்டேட் புற்றுநோயாளிகளில் மாற்று வைத்தியத்தை மட்டும் தெரிவு செய்தோரின் மரண அபாயம் 2.5 மடங்காக இருந்ததாக யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். கசாயமோ குளிகையோ ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் இரு வைத்தியர்களிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் ஈரலைப் பாதித்துக் கீமோவின் அளவைக் குழப்பக்கூடும்.

முடிவெடுத்த பின், முதல் ஊசிக்கு முன்

சிகிச்சைக்கு முன் மட்டுமே செய்யக்கூடிய சில வேலைகள் உண்டு. இரண்டாவது சந்திப்பிலேயே அவற்றையும் கேட்டுவிடுங்கள். பிள்ளை பெற விரும்பும் இளவயதினர் விந்தணு அல்லது முட்டை சேமிப்பைப் பற்றிக் கேட்க வேண்டியது கீமோவுக்கு முன்புதான். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுக் கொடுப்பதாயின் பழுதான பற்களை முன்கூட்டியே பிடுங்கி ஆற விட வேண்டும். கதிர்வீச்சுப் பட்ட தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனையும், இதயத்தைப் பாதிக்கும் மருந்துகள் தரப்படுவதாயின் எக்கோ பரிசோதனையும் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். செலவுக்கு உதவி தேவைப்படுவோர் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். படிவங்களைப் பற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பிளொக்கை மறு வாசிப்புக்குக் கொடுத்த ஆய்வுகூடத்திலிருந்து அதைத் திரும்பப் பெற்று, எடுத்த இடத்திலேயே ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நோய் பிற்காலத்தில் திரும்பினால் புதிய மருந்துகளுக்கான பரிசோதனைக்கு அதே பிளொக்கை மீண்டும் கேட்பார்கள். இரண்டாவது அபிப்பிராயக் கடிதத்தின் ஒரு பிரதியை, முதல் கீமோ நாளன்று கிளினிக் கொப்பிக்குள் வைத்து வைத்தியரிடம் கொடுங்கள்.